அத்தையின் போன் ஆற்றைத் தாண்டியது, அத்தையைக் காணோம்

வீட்டு ஆட்களின் போன் எங்கெங்கே போகிறது என்று பார்த்த ஏழு நாள் கணக்கு முடிந்த அன்று ராத்திரி லேப்டாப்பைத் திறந்தேன். மதுரை செல்லூரில் இருக்கும் எங்கள் அத்தையின் போன், அந்த ஒரே வாரத்தில் 31 தடவை வைகையைத் தாண்டித் தென்கரைக்குப் போய் வந்திருந்தது. அதில் ஒரு தடவை போய்த் திரும்ப எடுத்துக்கொண்ட நேரம் 40 விநாடி.

வாரம் முழுக்க அந்தப் போன் பீரோ மேலேயே இருந்தது.

அத்தையோ தினமும் ஆற்றைத் தாண்டினார். இடுப்பில் பூக்கூடையோடு, நடந்தே. அது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

என் பிழைப்பே இந்த மாதிரிக் கணக்குதான். ஒரு ஊரில் யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள், எத்தனை மணிக்கு, எதில் ஏறி என்று அட்டவணை போடுவது. ஆபீஸில் 'ஓ.டி. மேட்ரிக்ஸ்' (ஆரிஜின்-டெஸ்டினேஷன்) என்போம். ஊரைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கிளம்பும் இடங்கள், மேலே போய்ச்சேரும் இடங்கள், நடுவில் உள்ள கட்டங்களில் ஆள் எண்ணிக்கை. பாலம் கட்டுவதா, பஸ் விடுவதா, திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரைக்கும் மெட்ரோ ஓட்டினால் ஆள் ஏறுமா என்கிற பேச்செல்லாம் கடைசியில் அந்தக் கட்டங்களில்தான் வந்து நிற்கும்.

கட்டங்களை நிரப்ப முன்பெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். நானே கேட்டிருக்கிறேன். காலேஜ் மூன்றாம் வருடம், ஒரு ஃபாரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி எங்கள் வகுப்பிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் போனோம். வில்லாபுரம், ஜெய்ஹிந்துபுரம் பக்கம். "நேத்து காலைல எந்திரிச்சதுலருந்து எங்கெங்க போனீங்க?" இதுதான் கேள்வி. ஆண்கள் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். வேலைக்குப் போனேன், வந்தேன், ராத்திரி டீக்கடைக்குப் போனேன். பெண்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்.

"எங்கயும் போகலம்மா. வீட்லதேன் இருந்தேன்."

பிள்ளையை யாரு ஸ்கூல்ல விட்டா? "நாந்தேன்." ரேஷன் கடைக்கு? "ஆமா, அதுக்கும் போனேன்." மாமியாருக்கு மாத்திரை? "அத அப்பிடியே வர்ற வழில வாங்கியாந்தேன்." ஆக, எங்கேயும் போகாத அந்த அக்கா ஐந்து பயணம் போயிருப்பார். ஸ்பெயினில் ஈனெஸ் சான்செஸ் டி மதாரியாகா என்ற பேராசிரியர் இந்தப் பயணங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் 'பராமரிப்புப் பயணம்' என்று தனிப் பெயர் கொடுத்து எண்ணச் சொன்னார். அந்தப் பெயர் எனக்குத் தெரிய வந்தது ரொம்பப் பின்னால்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு நாளைக்கு நாற்பது ஃபாரம் தந்தால்தான் கூலி என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். மதியம் இரண்டு மணி, சித்திரை வெயில், கதவைத் தட்டினால் யாரும் திறப்பதில்லை. ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மிச்சம் பன்னிரண்டு ஃபாரத்தை நாங்களே எழுதினோம். இல்லாத வீட்டில் இல்லாத மனிதர்கள் காலை ஒன்பதுக்கு வேலைக்குப் போய் சாயங்காலம் ஆறுக்குத் திரும்பினார்கள். நாங்கள் உண்டாக்கிய ஆள் ஒருத்தர்கூட ரேஷன் கடைக்குப் போகவில்லை. எழுதியதில் பாதிப்பேர் பெண்கள்தான்!

அதனால் செல்போன் தரவு வந்தபோது எனக்கு நிம்மதிதான். போன் நிழல் தேடி வேப்பமரத்தடியில் உட்காராது.

பேப்பரில் 'செல்போன் சிக்னலை வைத்துப் பிடித்தனர்' என்று படிப்போமே, அதே சங்கதிதான். நாம் பேசும்போதும், எஸ்.எம்.எஸ். அனுப்பும்போதும், நெட் ஓடும்போதும் எந்த எண், எத்தனை மணிக்கு, எந்த டவரில் இருந்தது என்று கம்பெனியில் ஒரு வரி பதிவாகும். நம் நாட்டில் அந்த வரிகளை ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று இருந்ததை 2021 டிசம்பரில் இரண்டு ஆண்டாக ஆக்கினார்கள். ஒரு வரியை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரே எண்ணின் வரிகளை நேரப்படி கோத்தால் ஒரு ஆள் ஊருக்குள் போய்வந்த வழி பூச்சரம் மாதிரி நீளும். பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டுத்தான் ஆராய்ச்சிக்குக் கொடுப்பார்கள்.

ஜி.பி.எஸ். வேறு. அது போன் தானே செயற்கைக்கோள்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. சில மீட்டருக்குள் சொல்லிவிடும், ஆனால் ஏதாவது ஆப் அதைக் கேட்டு வாங்கி வைத்தால்தான் உண்டு. டவர் கணக்கில் அந்த நுணுக்கம் கிடையாது. மாசி வீதிக்குள் நாலு தெரு தள்ளிக் காட்டும். உசிலம்பட்டி தாண்டிக் காட்டுப்பக்கம் போனால் ஒரு டவருக்கு நாலு ஊர்.

இந்த ஆராய்ச்சியில் எல்லோரும் முதலில் சொல்வது 2008-ல் நேச்சர் இதழில் கொன்சாலஸ், ஹிடால்கோ, பராபாசி மூவரும் எழுதிய கட்டுரையை. ஒரு லட்சம் பேரின் ஆறு மாதப் போன் பதிவு. மனிதர்கள் மனம்போன போக்கில் திரிவதில்லை, ஒருசில இடங்களுக்கே திரும்பத் திரும்பப் போகிறார்கள் என்று காட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து சயன்ஸ் இதழில், பராபாசியும் சேர்ந்து எழுதிய இன்னொரு கட்டுரை. 50,000 பேர், மூன்று மாதம். ஒருவர் அடுத்த மணிநேரம் எங்கே இருப்பார் என்பதை, முறை மட்டும் சரியாக இருந்தால், 93 சதவீதம்வரை முன்கூட்டிச் சொல்ல முடியும் என்றது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒத்தக்கடை, திருவாதவூர் பக்கம் போகிற வண்டி.

"இதுக்கு லச்சம் பேரா தாயி? என்னையக் கேட்டா நானே சொல்லிருப்பேனே. காலைல ஏழே முக்கா சிங்கிள்ல ஏறுறவன் அதே படிக்கட்டுல ஏறி அதே சீட்டுல உக்காருவான். ஒரு நா அவன் வரலைன்னா டிரைவரு ஒரு நிமிசம் நிப்பாட்டிப் பாப்பாரு."

அப்பா சொல்வதற்காக அந்தக் கட்டுரைகளைக் குறைத்துவிட முடியாது. கண்டக்டருக்கு ஒரு பஸ்தான் தெரியும். 2010 ஜனவரியில் ஹைட்டியில் பூகம்பம் வந்து, போர்ட்-ஓ-பிரின்ஸிலிருந்து ஜனம் நாலா பக்கமும் ஓடியபோது, 19 லட்சம் சிம்களின் நகர்வைப் பார்த்து, மூன்று வாரத்துக்குள் 6.3 லட்சம் பேர் தலைநகரை விட்டுப் போயிருக்கிறார்கள் என்று கணித்தார்கள். எந்தப் பக்கம் போனார்கள் என்பதும் தெரிந்தது. அந்த இடிபாட்டில் யார் ஃபாரம் எடுத்துக்கொண்டு போய்க் கேட்பது? கென்யாவில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி போன்களின் ஒரு வருட நடமாட்டத்தையும் மலேரியாக் கணக்கையும் சேர்த்து வைத்து, விக்டோரியா ஏரிக்கரையிலிருந்து கிருமி ஆட்களோடு சேர்ந்து நைரோபிக்குப் பயணம் போவதைக் காட்டினார்கள். கொசு அவ்வளவு தூரம் பறக்காது. காய்ச்சல்காரன் பஸ் ஏறுவான்.

கொரோனா சமயத்தில் கூகுள் வெளியிட்ட நடமாட்ட அறிக்கை நினைவிருக்கலாம். கடைக்கு இவ்வளவு குறைவு, வேலைக்கு இவ்வளவு குறைவு என்று கோடு கோடாக வரும். 2020 ஏப்ரலில் தொடங்கி 2022 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். 'குறைவு' என்றால் எதைவிடக் குறைவு? 2020 ஜனவரி 3 முதல் பிப்ரவரி 6 வரை உள்ள ஐந்து வாரத்தை இயல்பு நாட்களாக எடுத்துக்கொண்டார்கள். நம்ம ஊரில் அந்த ஐந்து வாரத்துக்குள் பொங்கல் இருக்கிறது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்று ஜல்லிக்கட்டும் இருக்கிறது. அந்த வாரத்தை 'இயல்பு' என்று மதுரையில் சொன்னால் மாடு முட்டும். சராசரி எடுக்காமல், ஒவ்வொரு கிழமைக்கும் ஐந்து எண்ணை வரிசையாக வைத்து நடுவில் உள்ளதை எடுத்ததால் தப்பித்தார்கள்.

இனி அப்பாவின் இன்வாய்ஸ், அதாவது கண்டக்டர் எழுதும் டிக்கெட் கணக்குத் தாள். சின்ன வயதில் வீட்டில் தினம் கேட்ட சொல் அது. ராத்திரி டிபோவில் கட்ட வேண்டிய காசுக்கும் இன்வாய்ஸுக்கும் ஒரு ரூபாய் இடித்தால் அப்பா சாப்பிட உட்கார மாட்டார். ஒவ்வொரு ஸ்டேஜ் (டிக்கெட் விலை மாறும் நிறுத்தம்) வந்ததும், கையில் உள்ள டிக்கெட் கட்டுகளில் அடுத்துக் கிழிக்க வேண்டிய சீட்டின் நம்பரை, விலைவாரியாக அந்தத் தாளில் எழுத வேண்டும். முந்தின ஸ்டேஜ் நம்பரைக் கழித்தால் நடுவில் எத்தனை டிக்கெட் கிழிந்தது என்று வந்துவிடும். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் முதலில் கை நீட்டுவது அதற்குத்தான். ஆடுகிற பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காதில் சொருகிய பேனாவை எடுத்து அப்பா எழுதிய அந்தக் கோணல் எண்களைப் பார்த்தால் இப்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. எந்த ஸ்டேஜில் ஏறினார் என்பது நம்பரில் இருக்கிறது. எந்த ஸ்டேஜ்வரை போவார் என்பது டிக்கெட் விலையில் இருக்கிறது. இது ஓ.டி. மேட்ரிக்ஸ்தானே! முதுகலை படித்து நான் கற்றுக்கொண்டதை அப்பா டிரிப்புக்கு ஒன்றாக எழுதி டிபோவில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அதை யாராவது அட்டவணையாகப் போட்டார்களா என்று கேட்டேன். "காசு டேலி ஆச்சான்னுதான் பாப்பாங்க. ஆளு எங்க போனான்னு யாரு பாத்தா" என்றார்.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்தது. அப்பா அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். திட்டத்தால் எங்கள் தெருவிலேயே எத்தனை பேர் தூரமாக வேலைக்குப் போகத் தொடங்கினார்கள் என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கவலை தொழில் கவலை. டிக்கெட்டில் விலை இருந்தவரை இறங்கும் இடத்தை ஊகிக்கலாம். சும்மா கிழித்துத் தரும் சீட்டில் விலை இல்லை, அதனால் இறங்கும் இடமும் இல்லை. எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்று தெரிகிறது, எங்கே போனார்கள் என்பது போய்விட்டது.

அதற்கு போன் தரவு இருக்கிறதே என்றுதான் நானும் நினைத்தேன். அந்த நினைப்பில்தான் வீட்டு ஆட்களை வைத்து ஒரு வாரம் சோதித்துப் பார்த்தேன்.

ஆட்கள்: நான், அப்பா, அத்தை, அத்தை மகன். கம்பெனியிடம் போய் நம் டவர் கணக்கைத் தா என்று கேட்டால் கிடைக்காது. ஆனால் போன் எந்த டவரைப் பிடித்திருக்கிறது என்று, டவர் மாறும்போதெல்லாம் நேரத்தோடு எழுதி வைக்கிற ஆப்கள் உண்டு. டவர் எங்கே இருக்கிறது என்பதற்கு ஓப்பன்செல்ஐடி என்று பொதுஜனம் சேர்த்த பட்டியல் உண்டு. நான்கு போனிலும் ஆப்பைப் போட்டு, போன இடங்களைக் குறித்து வைக்கும் கூகுள் மேப்பின் டைம்லைனையும் இயக்கிவிட்டேன். ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டும் கொடுத்தேன், உண்மையில் எங்கே போனார்கள் என்று எழுத. அத்தையின் நோட்டைப் பேத்தி எழுதினாள். எட்டாவது படிக்கிறாள். தலைப்பே போட்டிருந்தாள்: 'ஆச்சி போன இடங்கள்'.

முதலில் அத்தை மகன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் டீக்கடை, ராத்திரி ஷிப்ட். ஒருவருடைய வீடு எது என்று கண்டுபிடிக்க உலகம் முழுக்க ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: ராத்திரி நேரத்தில் போன் எந்த டவரில் அதிகம் தங்குகிறதோ, அது வீடு. பகலில் அதிகம் தங்குவது வேலை செய்யும் இடம். தூங்கா நகரத்தில் இந்த விதியைப் போட்டால் என்ன ஆகும்? என் நிரலின்படி மச்சான் குடியிருப்பது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில். வேலைக்குப் போவது செல்லூருக்கு, காலை எட்டிலிருந்து மூன்றுவரை. அந்த நேரத்தில் அவர் தூங்குவார். திரையில் காட்டினேன்.

"சரியாத்தான சொல்லுது? வீட்ல இருக்கயிலதேன் எனக்கு வேல அதிகம்" என்றார்.

சிரித்துவிட்டோம். ஆனால் பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி, பரோட்டாக் கடை, லாரி ஷெட், மார்க்கெட் என்று ராத்திரி வேலை பார்ப்பவர்களை இந்த ஊரில் எண்ணினால் அது சின்னக் கூட்டமா? அவர்கள் எல்லோருடைய காலைப் பயணமும் அட்டவணையில் தலைகீழாக விழும். வீட்டுக்குத் திரும்புகிறவனை வேலைக்குப் போகிறவன் என்று எண்ணிக் காலை எட்டு மணிக்குச் செல்லூருக்கு ஒரு பஸ் கூடுதலாக விடுவோம்.

அப்புறம் அத்தையின் போன். ஆற்றைத் தாண்டிய கதைக்குக் காரணம் சுலபம். போன் எப்போதும் நல்ல சிக்னலைத் தேடும். அத்தை வீட்டு மொட்டைமாடியில் ஏறினால் ஆறு தெரியும். வைகைப் படுகை வெட்டவெளி, நடுவில் மறைக்கக் கட்டடம் கிடையாது. அதனால் அக்கரையில் சிம்மக்கல் பக்கம் நிற்கிற டவரும், இக்கரை டவரும் பீரோ மேல் இருக்கும் போனுக்குக் கிட்டத்தட்ட ஒரே பலம். ஒன்றில் கூட்டம் ஏறினால் மற்றதற்கு மாறும், குறைந்தால் திரும்பும். பந்து மேஜையில் போய் வருகிற மாதிரி என்பதால் 'பிங்பாங்' என்றே எங்கள் தொழிலில் பெயர். சுத்தம் செய்ய வழி இருக்கிறது. சில நிமிடத்துக்குள் பழைய டவருக்கே திரும்பினால் அதைப் பயணம் என்று எண்ணாதே என்று நிரலில் ஒரு வரி எழுதினால் போதும். எழுதினேன். அந்த 31 தடவையும் மறைந்தது. கூடவே, அதே வாரத்தில் நான் சிம்மக்கல்லில் ஒரு ஜெராக்ஸ் எடுக்கப் பாலம் தாண்டிப் போய் ஏழு நிமிடத்தில் திரும்பினேனே, அதையும் அந்த வரி விழுங்கிவிட்டது. ஜெராக்ஸ் எடுக்கிறவர், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறவர், மாத்திரை வாங்குகிறவர். "எங்கயும் போகலம்மா" என்ற அந்த அக்காக்களை மறுபடியும் வேப்பமரத்தடிக்கே கொண்டுபோய் விட்டுவிட்டேனோ என்று இருந்தது.

சரி, அத்தை ஏன் போனை எடுத்துப் போவதில்லை? நான் நினைத்தது பேத்திக்காக என்று. கேட்டேன்.

அத்தை கையைக் காட்டினார். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போய், சுருக்கம் சுருக்கமாக. "இந்தக் கையில போனத் தொட்டா அது எங்க கேக்குது? தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்துட்டேன்டி. ஒரு நா கூடையில வச்சேன், பூவுக்குத் தண்ணி தெளிக்கயில அதுக்கும் சேத்துத் தெளிச்சுப்புட்டேன். அதுலருந்து பீரோ மேலதேன்."

ஈரக்கைக்குத் தொடுதிரை வேலை செய்யாது என்பது எனக்குத் தெரியாத விஷயமா? பாத்திரம் கழுவும்போது போன் வந்தால் நானும்தான் முழங்கையால் தேய்க்கிறேன். அது பயணக் கணக்கில் ஒரு ஓட்டை என்று மட்டும் தோன்றியதில்லை. பூ, மீன், கீரை, தோசை மாவு, சலவை, வீட்டுவேலை. ஈரக்கை வேலைகளை வரிசையாக எழுதிப் பார்த்தால், விடியுமுன் ஊருக்குள் நடமாடுகிறவர்கள் பாதிப்பேர் அதில் வந்துவிடுவார்கள் போலிருக்கிறது.

ஒரு போன் ஒரு ஆள் இல்லை என்பதற்கு வேடிக்கையான சாட்சி பெர்லினில் உண்டு. 2020-ல் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் 99 போன்களை ஒரு தள்ளுவண்டியில் போட்டுக் காலித் தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். கூகுள் மேப் அந்தத் தெருவைச் சிவப்பாக்கி, டிராபிக் ஜாம் என்றது. ஒரு ஆளுக்கு 99 போன். செல்லூர் வீட்டில் ஐந்து ஆளுக்கு இரண்டு போன். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் எவ்வளவு கூட்டம் என்று போனை வைத்து எண்ணச் சொன்னால், கூட்டத்தில் திருட்டுப் போகும் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிற எங்கள் வீட்டுக்காரர்களை எந்தக் காரணியால் பெருக்குவது?

இதுவரை போனுக்குத் தெரியாததைச் சொன்னேன். தெரிந்ததைப் பார்த்துத்தான் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் போனது.

நான்கு பேரின் புள்ளிகளையும் பெயர் இல்லாமல் நான்கு வரைபடமாக எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். விளையாட்டாகத்தான். யார் எது என்று சொல்லுங்கப்பா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. பீரோ மேல் உட்கார்ந்திருந்த ஒற்றைக் குவியல், "என் தங்கச்சி". மாட்டுத்தாவணி, "மருமகன்". தெப்பக்குளம், அங்கே ஒரு பெஞ்ச், "இது நானு". மிச்சம் நான். என் தாளில் கே.கே. நகர் ஆபீஸ், ஒத்தக்கடை வீடு இரண்டையும் தாண்டி, வியாழக்கிழமை மதியம் அண்ணா நகரில் ஒரு மணிநேரம் ஒரு புள்ளி நின்றிருந்தது. அப்பா விரலை அதன்மேல் வைத்து, "இங்க எதுக்கும்மா போன?" என்றார். டாக்டரிடம் போயிருந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் வீட்டில் சொல்லவில்லை.

இதற்கும் கட்டுரை இருக்கிறது. 2013-ல் டி மோன்ட்ஜோய் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 15 லட்சம் பேரின் 15 மாத டவர் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். பெயரோ எண்ணோ இல்லை. இருந்தும் இன்ன நேரம் இன்ன இடம் என்று நாலே நாலு புள்ளி தெரிந்தால், 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம். அந்த எண்ணை நானே பலமுறை ஸ்லைடில் போட்டுக் காட்டியிருக்கிறேன். அப்பாவின் விரல் என் புள்ளிமேல் வந்து நின்றபோது உறைத்த மாதிரி அப்போது உறைக்கவில்லை. 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. கூகுளும் 2024-ல் டைம்லைனைத் தன் சர்வரிலிருந்து அவரவர் போனுக்குள்ளேயே மாற்ற ஆரம்பித்தது. எங்களைப் போன்ற ஆபீஸ்களுக்கு இனிமேல் மொத்தமாக்கிய எண் மட்டும் வந்தால் போதும், தனியாள் சரம் வேண்டாம் என்பது என் கட்சி. மீட்டிங்கில் சொன்னால் 'அப்ப மாடல் எப்படிப் போடுவீங்க' என்பார்கள். போடலாம். கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும்.

அன்று அப்பா இன்னொன்றும் செய்தார். என் ஆபீஸ் வேலைக்காக வைத்திருந்த மொத்தக் கணக்கு வரைபடம் ஒன்று பக்கத்தில் திறந்திருந்தது. ஒரு காலேஜ் வழியில், காலேஜுக்கு முந்தின நிறுத்தத்திலேயே புள்ளிகள் பஸ் வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு மாறுகின்றன. அங்கே சாலை மோசமாக இருக்கும், பஸ் ஊர்கிறது என்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"பஸ்ஸு ஊரல. இங்கனயே எறங்கி நடக்குறாங்க. அடுத்தது ஸ்டேஜு. தாண்டுனா டிக்கெட்டு கூட. பயலுக எல்லாம் இங்க எறங்கிருவாய்ங்க. பொம்பளப் பிள்ளைகளுக்கு ப்ரீ, அதுக நேரா கேட்டு வாசல்ல எறங்கும்."

அவர் சொன்ன பிறகு இரண்டு நாள் காலையில் அங்கே போய் நின்றேன். அப்படியேதான் இறங்கினார்கள். குறிப்பை அழித்துவிட்டேன். சாலைக்குத் தார் போடச் சொல்லிப் பரிந்துரை போயிருக்க வேண்டியது.

அத்தையின் வாரம் மட்டும் வெறும் கட்டமாகவே கிடந்தது. பேத்தி எழுதிய நோட்டு ஒன்றுதான் ஆதாரம். அதில் 'ஆச்சி பூ வாங்கப் போனது, வந்தது, விக்கப் போனது, வந்தது' என்று ஏழு நாளும் ஒரே வாக்கியம். கடைசியில் ஒரு சனிக்கிழமை நானே கூடப் போனேன், என் போனைச் சுடிதார் பைக்குள் வைத்துக்கொண்டு.

காலை மூன்றே முக்காலுக்கு ஷேர் ஆட்டோ. ஏற்கனவே ஐந்து பெண்கள், மடியில் மடித்த சாக்கும் ஈரத்துணியும். கோரிப்பாளையத்தில் இன்னும் இரண்டு பேர். ஒருத்தர் கையிலும் போன் இல்லை, டிரைவரிடம் மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டு ஒன்று. என் நிரல் அந்த ஆட்டோவை எண்ணியிருந்தால் இரண்டு பேர் என்றிருக்கும். பூ மார்க்கெட்டில் நனைந்த தரை, தராசு, கத்தல். அத்தை மல்லியை அள்ளி உள்ளங்கையில் வைத்து ஒரு அமுக்கு அமுக்கி, முகராமலேயே கீழே போட்டார். "நேத்துப் பறிச்சது." மூன்று கடை ஏறி இறங்கி நாலாவதில்தான் வாங்கினார். பிச்சி கொஞ்சம், கனகாம்பரம் கொஞ்சம், ஒரு கட்டு வாழைநார். ஆறு மணிக்கு வீடு. பத்துமணி வரைக்கும் கட்டல். சாயங்காலம் நாலுக்கு மேல் கூடையோடு யானைக்கல் பாலம் தாண்டிச் சிம்மக்கல். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். அத்தைக்கு அறுபத்து மூன்று வயது.

ராத்திரி எட்டரைக்குத் திரும்பி, திண்ணையில் உட்கார்ந்து போனை எடுத்தேன். டைம்லைனில் அத்தையின் நாள் அச்சுப் பிசகாமல் இருந்தது, என் பெயரில். அதற்கு மேல் ஒரு அறிவிப்பு. பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தீர்களே, அந்த இடம் எப்படி இருந்தது, நட்சத்திரம் கொடுங்கள் என்று.

அத்தையிடம் படித்துக் காட்டினேன். எத்தனை குடுக்கலாம் அத்தை?

அத்தை விற்காத சரத்தை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு வித்த வெலைக்கா? அரை நச்சத்திரம் இருந்தாக் குடு."